‘ப்யூர் ஜான்சன்’ பந்தயப் புறா என்று விற்கிறார்கள்: நம் கடற்கரைக் கூண்டுக்கு ஒத்துவருமா?

தேவிபட்டினத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “அண்ணே, சென்னையில் ஒருத்தர் ப்யூர் ஜான்சன் புறா ஜோடி என்று 40,000 ரூபாய் சொல்கிறார். பெடிக்ரி (வம்சாவளி) பேப்பரும் தருவாராம். எங்களிடம் இருப்பதெல்லாம் ஊர் ஹோமர், தூரத்தில் விட்டால் கூண்டுக்குத் திரும்பி வரும் புறா. விழுப்புரத்திலிருந்து விட்டால் நன்றாக வருகிறது. சென்னையிலிருந்து விட்டால் பாதிக்கு மேல் காணாமல் போகிறது. இந்த ஜோடியை வாங்கினால் சென்னை தூரம் சரியாகுமா? விஜயவாடா வரை போகலாமா? ஜான்சன் என்றால் உண்மையில் என்ன?”

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தெளிந்தால் மற்றதற்கெல்லாம் பாதி விடை தானாக வந்துவிடும்.

ஜான்சன் என்பது ஒரு குடும்பத்தின் பெயர். பெல்ஜியத்தில் ஆன்ட்வெர்ப் மாகாணத்தில், நெதர்லாந்து எல்லையை ஒட்டி, ஆரெண்டோங்க் என்று ஒரு சிற்றூர். அங்கே ட்ரீக் என்று கூப்பிடப்பட்ட ஹென்றி ஜான்சன் 1886-இல் புறா வளர்க்க ஆரம்பித்தார். அவருடைய பிள்ளைகள் அதைத் தொடர்ந்தார்கள். ஃபோன்ஸ், யெஃப், விக், ஆட்ரியான், ஷாரல், லூயி என்று அண்ணன் தம்பிகள் ஒரு கூட்டமே அந்த வீட்டில் புறாவோடு வாழ்ந்தது. கல்யாணம் செய்துகொள்ளாதவர்கள் கடைசி வரை சகோதரி இர்மாவோடு அதே வீட்டில் இருந்தார்கள். புறாக்களும் அந்த வீட்டு மாடியில்தான், ஓட்டுக்கூரைக்கு அடியில். இன்று நம் ஊரில் சிலர் டைல்ஸ் ஒட்டிக் கட்டும் கூண்டைப் பார்த்தால் அந்தச் சகோதரர்கள் சிரித்திருப்பார்கள்.

அவர்கள் புறாவுக்குப் பெயர் வைக்கும் முறையே தனி. பெயரோடு பிறந்த வருடத்தையும் சேர்த்துவிடுவார்கள். வொண்டர்வோஸ் 45, பாங்க 51, அவுட மெர்க்ஸ் 67, ஸ்கெர்ப 68. மெர்க்ஸ் என்பது சைக்கிள் வீரர் எடி மெர்க்ஸ் நினைவாக வைத்தது. நம் ஊரில் விற்கிற பேப்பர்களில் மேல் வரிசையில் இந்தப் பெயர்கள்தான் கொட்டிக் கிடக்கும். அவுட மெர்க்ஸ் பிறந்தது 1967-இல். இன்றைய குஞ்சுக்கும் அதற்கும் இடையில் எத்தனை தலைமுறை என்று எண்ணிப் பார்க்க யாருக்கும் பொறுமையில்லை. அந்தக் கணக்கைக் கீழே சொல்கிறேன்.

அந்த வீடு என்ன செய்தது என்பதுதான் முக்கியம். வெளிப்புறாவை எளிதில் உள்ளே விடமாட்டார்கள். தங்கள் புறாவைத் தங்கள் புறாவோடே சேர்த்தார்கள். நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே ஜோடி போட்டார்கள். அப்படிச் செய்தால் ரத்தத்தில் உள்ள நல்லதும் வெளியே வரும், கெட்டதும் வரும். கெட்டதைத் தயவு தாட்சண்யம் இல்லாமல் கழித்தார்கள். ஐந்து ஆறு தலைமுறை இப்படிக் கழித்தால் மிஞ்சுவது ஒரே அச்சில் நிற்கும். ரத்தம் இறுகிவிட்டது, கொஞ்சம் தளர்த்த வேண்டும் என்று தோன்றியபோது மட்டும் வெளியிலிருந்து எடுத்தார்கள். அப்படி வந்தவற்றில் பேர் பெற்றது ‘ஹால்வ ஃபாப்ரி’. தகப்பன் வழி லியேஜ் நகரத்து ஃபாப்ரி கூண்டு. மற்ற பாதி ஜான்சன். ஆகவே உலகம் முழுக்க ‘சுத்தம்’ என்று சொல்லப்படும் அந்த ரத்தத்திலேயே கலப்பு உண்டு. பார்த்துப் பார்த்துச் செய்த கலப்பு.

இரண்டாவது விஷயம், பந்தய தூரம். ஜான்சன் சகோதரர்கள் பறக்கவிட்டது பெரும்பாலும் குறுந்தூரமும் நடுத்தூரமும். புறாவைக் கொண்டுபோய் விடும் இடங்களில் கீவ்ரேன் ஆரெண்டோங்கிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 140 கிலோமீட்டர். நோயோன் சுமார் 245. ஓர்லியன்ஸ் சுமார் 445. இதை நம் கணக்கில் போட்டுப் பாருங்கள். தேவிபட்டினத்திலிருந்து திருச்சி நேர்க்கோட்டில் கிட்டத்தட்ட 150, விழுப்புரம் 280, சென்னை 425. அதாவது அந்த வீட்டுப் புறாக்களுக்குப் பழகிய தூரம் ஏறக்குறைய உங்கள் திருச்சி, விழுப்புரம், சென்னை. விஜயவாடா 800 கிலோமீட்டர். அது அவர்கள் வேலையே இல்லை.

அந்த ரத்தத்தின் குணமும் இந்தத் தூரத்திலிருந்து வந்ததுதான். உடம்பு நடுத்தரம்; பெரிய புறா கிடையாது. இறகு பட்டுப்போல் கையில் வழுக்கும். நெஞ்செலும்பு நீண்டு, பின்பக்கம் இடுப்பெலும்புகள் இறுக்கமாகச் சேர்ந்திருக்கும். நீலம், நீலப் புள்ளி, சிவப்பு நிறங்கள் அதிகம். கூட்டத்தை விட்டுத் தனியே வெட்டி வருகிற புத்தி, கூண்டுப் பலகையில் இறங்கியதும் நிற்காமல் உள்ளே நுழைகிற வேகம், இவைதான் பேர் வாங்கித் தந்தவை. குறுந்தூரத்தில் முதல் பரிசுக்கும் பத்தாவது பரிசுக்கும் இடையில் சில நொடிகள்தான். அங்கே கூரை மேல் உட்கார்ந்து தலையைச் சொறிகிற புறாவுக்கு இடமில்லை. அது எவ்வளவு அழகாக இருந்தாலும் சட்டிக்குப் போய்விடும்.

பெயர் பரவியதற்கு இன்னொரு காரணம் உண்டு. என் கணக்கில் அதுதான் பெரிய காரணம். இறுக்கமாகச் சொந்தத்துக்குள் வளர்த்த ரத்தத்தை முற்றிலும் வேறு ரத்தத்தோடு சேர்த்தால் முதல் தலைமுறைக் குஞ்சுகள் இரண்டு பக்கத்தையும் மிஞ்சிப் பறப்பதுண்டு. பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் அண்டை ஊர்க்காரர்கள் இதைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டார்கள். பொப்பெல் ஊர் லூயி வான் லூன், ரூசல் ஊரில் ‘கிளாக்’ என்ற பட்டப்பெயரோடு இருந்த யோஸ் வான் லிம்ப்ட், லொம்மெல் ஊர் டூர்னியே, ஆரெண்டோங்கிலேயே இருந்த காரல் மூலெமான்ஸ் எல்லாரும் ஜான்சன் புறாவை வைத்துத் தங்களுக்கென்று ஒரு வரிசையை உண்டாக்கியவர்கள். இன்று ‘ஜான்சன்’ என்று கைமாறுவதில் பெரும்பகுதி இப்படி இன்னொரு வீட்டு வழியாக வந்ததுதான். அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் விற்பவர் ‘வான் லூன் வழி’ என்றோ ‘கிளாக் வழி’ என்றோ சொல்லத் தெரியாமல் வெறும் ‘ப்யூர் ஜான்சன்’ என்று மட்டும் சொன்னால் உஷாராகிவிடுங்கள். பெயர் தெரிந்தவருக்கு வழியும் தெரியும்.

இப்போது தலைமுறைக் கணக்கு. ஒரு ஜான்சன் சேவலைக் கொண்டுவந்து ஊர்ப் பெட்டையோடு சேர்த்தால் குஞ்சில் பாதி ஜான்சன். அந்தக் குஞ்சை மறுபடி ஊர்ப் புறாவோடு சேர்த்தால் கால். இப்படியே ஆறு தலைமுறை போனால் 64-இல் ஒரு பங்கு, அதாவது சராசரியாக 1.6 சதவீதம். புறா பிறந்த ஆறாவது ஏழாவது மாதத்தில் முட்டைக்கு வந்துவிடும் என்பதால் ஆறு தலைமுறை என்பது ஆறே வருடத்தில்கூட முடிந்துவிடுகிற கதை. அந்த 1.6 சதவீதத்துக்கும் பேப்பரில் ‘ஜான்சன்’ என்றே எழுதலாம், எழுதுகிறார்கள். சொந்தத்துக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சேர்த்து வந்தவர்களிடம் மட்டும் இந்தக் கரைசல் நடக்காது. ஆனால் அவர்களிடம் வேறு ஆபத்து உண்டு. ஆரெண்டோங்கில் ஒவ்வொரு தலைமுறையையும் கூடையில் போட்டுப் பறக்கவிட்டுக் கழித்தார்கள். இங்கே பலர் விலை கொடுத்து வாங்கிய ஜோடியின் குஞ்சையும் காசு என்று பார்த்து விற்றுவிடுகிறார்கள். பறந்து பார்க்காமல் சொந்தத்துக்குள்ளேயே ஐந்து தலைமுறை ஓடினால் மிஞ்சுவது சின்ன முட்டை, பொரியாத முட்டை, நோஞ்சான் குஞ்சு. பெயர் மட்டும் குறையாமல் இருக்கும்.

ஆகவே பேப்பரைப் பற்றி என் கருத்து: ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. காலில் போடும் ரிங் (வளையம்) அதைவிட நம்பகமானது. மூடிய வளையத்தைக் குஞ்சுக்கு ஆறு முதல் எட்டு நாளுக்குள் போட்டுவிட வேண்டும். கால் தடித்த பிறகு ஏறாது, கழற்றவும் முடியாது. பெல்ஜிய வளையமாக இருந்தால் நாட்டின் குறி, வருடம், எண் மூன்றும் இருக்கும். வளைய எண்ணும் உரிமைச் சீட்டின் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். உங்களுக்குச் சொன்ன ஜோடியில் அநேகமாக உள்ளூர் கிளப் வளையம்தான் இருக்கும். அப்படியானால் அது இங்கே பிறந்தது, அவ்வளவுதான். வளையம் தகப்பன் யார் என்று சொல்லாது. அதற்கு டிஎன்ஏ பரிசோதனை ஒன்றுதான் வழி. அதற்கும் பெற்றோரின் இறகு வேண்டும்.

40,000 என்பது பெரிய பணமா என்றால், 2020 நவம்பரில் ‘நியூ கிம்’ என்ற பெல்ஜியப் பெட்டை 16 லட்சம் யூரோவுக்கு ஏலம் போனது. அதற்கு முந்தைய வருடம் ‘அர்மாண்டோ’ என்ற சேவல் பன்னிரண்டரை லட்சம் யூரோ. அந்தக் கணக்கில் உங்கள் ஜோடி தூசு. ஆனால் அங்கே கொடுத்த பணம் பந்தய முடிவுக்கும் ஏலக்காரர் பெயருக்கும் சேர்த்துக் கொடுத்தது. உங்களிடம் கேட்கப்படுவது பெயருக்கு மட்டும்.

விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. “இந்த ஜோடியின் அண்ணன் தம்பி, அக்கா தங்கை, குஞ்சுகள் எந்த ஊரிலிருந்து, எந்த மாதத்தில், எத்தனை மணிக்கு வந்தன?” சென்னைக்காரர்கள் ஆந்திரப் பக்கம் கொண்டுபோய்விட்டு எடுப்பார்கள். நெல்லூரிலிருந்து வந்தது என்றால் அது 150 கிலோமீட்டர் சொச்சம். ஓங்கோல் என்றால் 270 அளவு. விஜயவாடா என்றால் 380. வடக்கிலிருந்து தெற்கே கடலோரமாக வருவது என்பதால் உங்கள் பாதையின் சாயல் அதில் உண்டு; அது நல்லது. ஒரு பதிலும் வரவில்லை, கண்ணைப் பாருங்கள் கண்ணைப் பாருங்கள் என்று பூதக்கண்ணாடியை நீட்டுகிறார் என்றால் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம். கருவிழி வளையத்தை வைத்துப் பந்தயப் புறாவைக் கண்டுபிடிக்கிறேன் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கண் தெளிவாக, ஈரமில்லாமல், துறுதுறுவென்று இருந்தால் போதும்; அது ஆரோக்கியத்தைச் சொல்லும்.

கையில் எடுத்துப் பார்ப்பதற்கு அர்த்தம் உண்டு. இடது உள்ளங்கையில் நெஞ்சைத் தாங்கி, கால் இரண்டையும் விரலிடுக்கில் பின்னுக்கு வாங்கிப் பிடியுங்கள். நல்ல புறா பிடித்ததும் சில நொடியில் அடங்கி, முன்பக்கம் கனமாகச் சாயும், வால் தொங்காது. கட்டை விரலால் முதுகை அழுத்தினால் பலகைபோல் நிற்க வேண்டும். பிறகு இறக்கையை விரியுங்கள். பெரிய இறகுகள் பத்து. கடைசி நான்கும் குறுகி, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு நிற்கிறதா என்று பாருங்கள். நான்கும் அகலமாக ஒட்டிக்கிடந்தால் கூண்டைச் சுற்றி அழகாகப் பறக்கும். காற்றை எதிர்த்து ஆறு மணி நேரம் வருவது கஷ்டம். வாயைத் திறந்து தொண்டையைப் பாருங்கள். ரோஜா நிறமாக இருக்க வேண்டும். மஞ்சள் படலம் இருந்தால் கேங்கர் என்ற தொண்டை நோய், ஜோடியே வேண்டாம்.

இனி நம் கடற்கரை. இதைச் சொல்லாமல் ரத்தத்தைப் பற்றி மட்டும் பேசிப் பயனில்லை.

சென்னையிலிருந்து தேவிபட்டினத்துக்கு வரைபடத்தில் ஒரு கோடு போடுங்கள். புதுச்சேரி, கடலூர் தொட்டு, சிதம்பரத்துக்குக் கொஞ்சம் மேற்கே இறங்கி, மன்னார்குடி, பட்டுக்கோட்டை பக்கமாக வந்து, மீமிசல் தாண்டித் தொண்டியில் கடலை உரசிக்கொண்டு உங்களிடம் வரும். மலை கிடையாது. டெல்டா முழுக்கச் சமவெளி. ஆனால் கடைசி 80 கிலோமீட்டர் இடது கைப்பக்கம் பாக் விரிகுடா கூடவே வருகிறது. புறா கடல் மேல் பறக்க விரும்பாது. தண்ணீரைக் கண்டால் கரையைத் தேடி வளையும். இது ராமேஸ்வரத்துக்காரர்களுக்கு இன்னும் பெரிய தலைவலி. அவர்களுக்குக் கோடு முத்துப்பேட்டைப் பக்கத்திலேயே கடலுக்குள் இறங்கி, பாம்பன் தீவு வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் தண்ணீர்தான். ஆகவே அங்கே வளர்ப்பவர்களுக்கு நேர்க்கோட்டு வேகம் எப்போதும் உள்ளதைவிடக் குறைவாகவே தெரியும். புறா கரையைச் சுற்றி மண்டபம் வந்து பிறகுதான் தீவுக்குத் தாவும்.

காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். தை, மாசியில் வாடை இன்னும் கொஞ்சம் இருக்கும். அது முதுகில் தள்ளும்; ஆனால் மேற்கே, சிவகங்கைச் சீமைப் பக்கமும் ஒதுக்கும். அப்படி ஒதுங்கின புறா தொண்டிப் பக்கமிருந்து வராமல் திருவாடானை வழியாகத் திரும்பி வரும். பங்குனி ஆனதும் மத்தியானம் கடல் காற்று எழுந்துவிடும், சோழகம் (தென்காற்று) எதிரே அடிக்கும். கச்சான் (மேல்காற்று) பலமாக வீசும் நாளில் விடவே விடாதீர்கள். அது புறாவைக் கடலுக்குள் தள்ளும்.

இதில் நேரக் கணக்கு இருக்கிறது. 425 கிலோமீட்டரை நிமிடத்துக்கு 1,200 மீட்டர் வேகத்தில் வந்தால் ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. காலை 6 மணிக்கு விட்டால் 12 மணிக்கு முன் கூண்டில். 1,000 மீட்டராகக் குறைந்தால் 1 மணி தாண்டிவிடும். அந்த ஒரு மணி நேரம்தான் உயிர்: உச்சி வெயில், எதிர்க்காற்று, உப்பங்காற்று மூன்றும் சேர்ந்து வருகிற நேரம். தண்ணீர் தேடி இறங்குகிற புறா எங்கேயோ கண்மாய்க் கரையிலோ இறால் பண்ணையிலோ உட்கார்ந்துவிடும். உங்கள் புறா காணாமல் போவதில் பெரும்பகுதி இந்தக் கடைசி நூறு கிலோமீட்டரில்தான் என்று நினைக்கிறேன். இன்னொரு பகுதி, புறாவை அடிக்கும் வேட்டைப் பறவையான பைரியின் கணக்கு. வடக்கிலிருந்து வலசை வரும் பைரி ஐப்பசியிலிருந்து பங்குனி வரை இந்தக் கரையில் இருக்கும். உப்பளம், கழிமுகம் எங்கே உண்டோ அங்கே பனை உச்சியில் உட்கார்ந்திருக்கும். எந்த ரத்தமும் பைரிக்குப் பங்கு கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

இப்போது உங்கள் கேள்விக்கு நேரடியாக. சென்னை தூரத்துக்கு ஜான்சன் ரத்தம் பொருத்தமா? பொருத்தம்தான். அதன் தூரமே அது. வேகம் கூடினால் அந்த உச்சி வெயிலுக்கு முன் வந்துவிடும் வாய்ப்பும் கூடும். ஆனால் விழுப்புரத்திலிருந்து ஒரே தாவலாகச் சென்னைக்குப் போனால் எந்தப் புறாவும் தடுமாறும். 280-லிருந்து 425 என்பது பாதிக்குப் பாதி கூடுதல். நடுவில் திண்டிவனம், செங்கல்பட்டு என்று டாஸ் (பயிற்சிக்காகக் கொண்டுபோய் விடுவது) வையுங்கள். அதைவிட முக்கியமாக, தொண்டி, மீமிசல், கோட்டைப்பட்டினம் கரையிலிருந்து இளம் புறாக்களைச் சின்னச் சின்னக் கூட்டமாக, மத்தியானக் காற்றில், பலமுறை விடுங்கள். எல்லாரும் காலைக் காற்றில் டாஸ் விட்டுவிட்டு, பந்தயத்தன்று மத்தியானக் காற்றில் புறாவைத் தேடுகிறார்கள். இதைச் செய்யாமல் ரத்தத்தை மாற்றினால் காணாமல் போகிற புறாவின் விலை மட்டும்தான் கூடும்.

விஜயவாடாவுக்கு அது வேண்டாம். 800 கிலோமீட்டருக்கு ஒரே நாளில் வருகிற வேகத்தைவிட, இருட்டினால் எங்காவது ஒதுங்கி, மறுநாள் விடிந்ததும் கிளம்பி வருகிற மனசு வேண்டும். அதற்கென்றே ஐரோப்பாவில் வேறு ரத்தங்கள் உண்டு: நெதர்லாந்தில் ஸ்டீன்பெர்கன் ஊர் யான் ஆர்டன் வழி, பெல்ஜியத்தில் லாவ்வ ஊர் ஸ்டிகெல்பாவ்ட் வழி. அவை விழுப்புரத்திலிருந்து விட்டால் ஜான்சனுக்குப் பின்னால்தான் வரும். இரண்டையும் ஒரே புறாவில் எதிர்பார்ப்பவர்கள் பெரும்பாலும் இரண்டும் இல்லாத புறாவைத்தான் பெறுகிறார்கள்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. விலைக்கு வாங்கும் வளர்ந்த புறாவை நீங்கள் திறந்துவிடவே முடியாது. திறந்தால் நேரே சென்னைக்குப் போய்விடும்; விற்றவர் சந்தோஷமாக இன்னொருவருக்கு விற்பார். ஜோடி சாகும் வரை உள்ளேதான். அதன் குஞ்சுகள்தான் உங்கள் ஊர்க் கூரையை அடையாளம் கண்டு பறக்கும். ஆகவே 40,000 ரூபாய் ஜோடிக்கு அல்ல, அதன் குஞ்சுகளுக்கு. அந்தக் குஞ்சு எப்படிப் பறக்கும் என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது.

நானாக இருந்தால் ஜோடி வாங்கமாட்டேன். பந்தயத்தில் வந்த கூண்டிலிருந்து ஒரே ஒரு இளம் சேவல், பேப்பரில் என்ன பெயர் இருந்தாலும் சரி, அதன் உடன்பிறப்புகள் 300 கிலோமீட்டருக்கு மேல் சொன்ன நேரத்துக்கு வந்திருந்தால் போதும். விலை நான்கில் ஒரு பங்கில் முடியும். அதை உங்கள் கூண்டில் விழுப்புரத்திலிருந்து தவறாமல் வருகிற பெட்டைகளில் மூன்றோடு ஒன்றன்பின் ஒன்றாகச் சேருங்கள். அந்தப் பெட்டைகளை லேசாக நினைக்காதீர்கள். உங்கள் காற்றிலும் வெயிலிலும் பைரியிலும் தப்பி நின்ற ரத்தம் அது. ஆரெண்டோங்கில் அந்தச் சகோதரர்கள் கழித்துக் கழித்து எடுத்ததை, உங்கள் கரை உங்களுக்குப் பாதி செய்து கொடுத்திருக்கிறது.

ஜோடி போடுவது மாசி முடிவிலா என்று பலர் கேட்பார்கள். வேண்டாம். குஞ்சு சித்திரை வெயிலில் கூட்டில் வெந்துவிடும். ஆடி முடிந்து ஆவணியில் போடுங்கள். முட்டை பதினேழு பதினெட்டு நாளில் பொரியும், நாலு வாரத்தில் குஞ்சு தாயை விட்டுப் பிரியும். ஐப்பசி மழை இறங்குவதற்குள் கூரையைப் பழகிவிடும். மழைக்காலத்தில் கூண்டுத் தரை ஈரமாகக் கிடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடற்கரையில் குஞ்சு சாவது பெரும்பாலும் அங்கேதான். வெள்ளைக்கழிச்சல், கழுத்துத் திருகலுக்குத் தடுப்பு மருந்தை மழைக்கு முன்பே கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் போட்டுவிடுங்கள். தையில் முதல் டாஸ். முதல் வருடம் விழுப்புரத்தோடு நிறுத்துங்கள், சென்னைக்கு இரண்டாம் வருடம் போகலாம்.